கம்பிக்கு ஒரு கொதி

சேறு என்று நண்பர்கள் கூப்பிட்டவர் இறந்துபோன அடுத்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், சலவைக் கடைக்கு மேலே இருக்கும் அறையில் கூடியவர்கள் நான்கு பேர். ஜன்னலை ஒட்டி, ஒரு பக்கக் கை உடைந்துபோன நாற்காலியில் சர்வேயர். தன்னுடைய ஆம்ப் ஒலிபெருக்கியின் மீதே லிஃப்ட் மெக்கானிக். உட்காருவதற்கென்றே செய்தது போன்ற உயரம் அதற்கு. சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் பல்செட் செய்பவர். கதவருகே ஸ்டூலில், கைப்பையை மடியைவிட்டு இறக்காமல், சேற்றின் மனைவி. நடுவில் இருந்த மெத்தை நாற்காலியில் சேற்றின் பேஸ் கிட்டார் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை யாரும் தொடவில்லை, கேபிளும் செருகவில்லை. அது தானாக வாசித்துக்கொண்டிருந்தது. சேறு வழக்கமாக டீ குடிக்க நிறுத்தும் இடத்தில் நிறுத்தியது, ஒரு டீ குடிக்கிற நேரம் போனதும் மறுபடி ஆரம்பித்தது.

சேறு என்பது வசவு அல்ல. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவருக்கு. நாள் முழுக்கத் தெளிவாக இருந்தது போதும் என்று நினைத்தாரோ என்னவோ, கிட்டாரில் கலங்கல்தான் பிடிக்கும். டோன் குமிழைக் கடைசி வரை மூடி, யாரும் திறந்துவிடக் கூடாதென்று குமிழையே பிடுங்கி எறிந்துவிட்டார். கம்பிக்கு அடியில் பாத்திரம் தேய்க்கிற பஞ்சை வெட்டிச் செருகியிருந்தார். மகள் பிறப்பதற்கு முன் மாட்டிய கம்பிகளை அவள் வேலைக்குப் போன பிறகும் மாற்றவில்லை. பல்செட்காரர் இதற்கு நேரெதிர். மாதா மாதம் புதுக் கம்பி, ஒவ்வொரு சுரமும் கரண்டி விழுந்தாற்போலக் கேட்க வேண்டும் அவருக்கு. சர்வேயர் விரலால் மட்டுமே வாசிப்பார், மெக்கானிக் பிளெக்ட்ரம் என்கிற மீட்டு வில்லை இல்லாமல் தொடமாட்டார். சேற்றையும் சேர்த்து நால்வருமே பேஸ், அதாவது பாட்டுக்கு அடியில் போகும் தாழ்ந்த சுரம், வாசிப்பவர்கள். பாடுவதற்கோ தாளம் அடிப்பதற்கோ ஆள் சேர்க்க வேண்டுமென்று பல வருடங்கள் பேசினார்கள், சேர்க்கவில்லை. தாங்கிப் பிடிக்க நாலு பேர் இருந்தார்கள், தாங்க வேண்டிய பாட்டுதான் இல்லை. கீழே சலவைக் கடைக்காரர், "உங்க சத்தத்த என் மெஷின்னு நெனச்சு ரெண்டு தடவ போய் சுவிட்ச அணைச்சேன் சார்" என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு வாடகை ஏற்றுவதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

சேற்றின் மனைவிக்கு இதெல்லாம் பிடிபட்டதே இல்லை. ரேடியோவில் பாட்டு போனால் அவர் குஷியாகி, "இப்போ கேளு, கீழே ஒண்ணு போகுது பாரு" என்பார். அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "பாடுறவர்தான் கேக்குறார், நீங்க சொல்றது எங்க இருக்கு?" என்பாள். இருபது வருடத்துக்கு மேலாக இது நடந்தது. அவர் போன மறுநாளிலிருந்து அவளுக்கு எல்லாப் பாட்டிலும் கீழே போவது மட்டுமே கேட்டது. பஸ்ஸில் பாட்டு ஓடினால் பாடுகிறவர் வாயசைப்பது போலவும், அடியில் யாரோ நடந்து வருவது போலவும் இருந்தது. அதே நாளில்தான், அவர் கடையை விட்டு வீடு திரும்பும் நேரத்தில், ஆணியில் தொங்கிய கிட்டார் வாசிக்க ஆரம்பித்தது. அவள் உலையைப் பார்த்துக்கொண்டே, "கை கழுவிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நிற்க. அவர்களுக்கு ஒரே மகள். கடல் தாண்டிப் போய், முதியோர் இல்லம் ஒன்றில் படுக்கையோடு கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறாள். மாற்று ஆள் கிடைக்காததால் அப்பாவின் காரியத்துக்குக்கூட வர முடியவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது, கிட்டாரின் அடிப்பக்கத்தைக் கட்டில் காலில் முட்டக் கொடுத்து அவர் வாசித்தால்தான் தூங்குவாள். இப்போது போனில், "எனக்கும் கேக்கணும்மா" என்றாள். போனைக் கம்பிக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். போன் அவ்வளவு தாழ்ந்த சத்தத்தைக் கொண்டுபோகாது. அவளுக்கு விரல் தட்டுகிற சத்தம் மட்டும் போனது. மெக்கானிக் நல்ல மைக்காகக் கொண்டுவந்து பதிவு செய்து பார்த்தார். குழாய் சொட்டுவது பதிந்தது, கடிகாரம் பதிந்தது, வாசிப்பு பதியவில்லை. ஆகவே அவள் நேரில் வந்தால்தான் உண்டு. வாசிப்போ நாளுக்கு நாள் சன்னமாகிக்கொண்டே வந்தது. முதலில் வாசல் வரை கேட்டது, பிறகு அடுத்த அறை வரை, பிறகு பக்கத்தில் உட்கார்ந்தால்தான். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சேற்றின் மனைவி கிட்டாரைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். "அவ வர்ற வரைக்கும் வாசிப்பு தாங்கணும். அதுக்கு ஏதாவது வழி சொல்லுங்க" என்றாள்.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். பல்செட்காரர் எப்போதும் சொல்வதைப் பழக்கதோஷத்தில் சொன்னார்.

"செத்த கம்பி அண்ணி இது. வெந்நீர்ல ஒரு சொட்டு சோப்பு போட்டு ஒரு கொதி விட்டா உயிர் வந்துடும்."

"வாய மூடுய்யா. அந்த அழுக்குலதான் டோனே இருக்கு" என்றார் சர்வேயர்.

"இருபது வருஷமா இதத்தான் சொல்றீங்க. டோனாம் டோன். ஈரச்சாக்க அடிக்கிற மாதிரி" என்றார் பல்செட்காரர்.

"பிரச்சினை கம்பில இல்ல, பிக்கப்ல" என்று, கம்பிக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கும் காந்தத்தைக் காட்டி, மெக்கானிக் ஆம்ப்பின் மேலிருந்து ஆரம்பித்தார். அதிலிருந்து பேச்சு பஞ்சுக்குப் போனது, பஞ்சிலிருந்து விரலா பிளெக்ட்ரமா என்பதற்கு. இறந்தவரின் இடம் காலியாக இருந்ததால் அவர் சொல்லக்கூடியதையும் சேர்த்து சர்வேயரே சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டூலில் ஒருத்தி உட்கார்ந்திருப்பது மூவருக்கும் மறந்துபோனது. அவள் எழுந்து கிட்டாரை எடுத்துக்கொண்டு படியிறங்கியதை, களைப்பாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பேஸ் வாசிப்பவர்கள் மங்கிப்போன கம்பியைச் செத்த கம்பி என்பார்கள். கொதிக்க வைத்தால் கம்பிச் சுருளுக்குள் ஏறியிருக்கும் விரல் எண்ணெயும் அழுக்கும் கரைந்து, ஒரு வாரமோ இரண்டு வாரமோ பளிச்சென்று பேசும். உயிர் என்று அவர்கள் சொல்வது அந்தப் பளிச்சை. இது வெளியாளுக்குத் தெரிய நியாயமில்லை. சேற்றின் மனைவி உயிர் என்ற சொல்லை உயிர் என்றுதான் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து கம்பிகளைக் கழற்றினாள். மூன்று வந்துவிட்டன. நாலாவதான தடித்த கம்பியின் முறுக்காணி இறுகிக் கிடந்தது. அதை யாரையாவது விட்டுக் கழற்றிக்கொள்ளலாம் என்று மூன்றை மட்டும் பெரிய பாத்திரத்தில் சோப்புத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றினாள். முதல் குமிழி கிளம்பியதும் ஆவியோடு வாசிப்பும் கிளம்பியது. மேலாக இருந்த அழுக்கு முதலில் கரைந்ததால் கடைசியாக வாசித்தது முதலில் வந்தது: உடம்பு முடியாமல், ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே மூச்சு வாங்கி வாசித்தது. பிறகு அதற்கு முந்தைய வருடங்கள், ஒவ்வொரு வருடத்துக்கும் கொஞ்சம் பலம் கூடி. இடையிடையே அவள் குரலும் வந்தது. "சோறு ஆறுது" என்றது, "அந்தச் சனியன எப்பத்தான் நிறுத்துவீங்க" என்றது. ஆவி ஜன்னல் வழியாக வெளியேறித் தெருவில் இறங்கியது. எதிர் வீட்டில் சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி முகத்தோடு வெளியே வந்தார். நின்றிருந்த பஸ்ஸில் ஆட்களின் முழங்கால்கள் அதிர்ந்தன. தெருவில் அழுதுகொண்டிருந்த குழந்தைகளெல்லாம் தூங்கிவிட்டன. பாத்திரத்தில் அவர் இளைஞராகிக்கொண்டே போய், மகளைத் தூங்கவைத்த வாசிப்பு வரை வந்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது, வருவதெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது என்று. அடுப்பை அணைத்தாள். மூடி போட்டாள், மூடி எழும்பியது. வெறுங்கையை விட்டுக் கம்பிகளை வெளியே இழுத்தாள். அவர் இன்னும் சரியாக வாசிக்கத் தெரியாத காலத்தில் தப்பாக வைத்த ஒரு விரல் கடைசியாகக் கேட்டது. அதன் பிறகு அது வெந்நீர்.

வெந்த கையில் கட்டோடு இருந்த அவளைப் பார்க்க வந்த பல்செட்காரர் கம்பிகளைத் தன் கிட்டாரில் மாட்டி ஒரு தட்டுத் தட்டினார். அவர் ஆயுசு முழுக்க வாதாடிய சத்தம், அப்படியே கண்ணாடி. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். "உயிர்னு நாங்க பளபளப்பத்தான் சொல்லுவோம் அண்ணி."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம் தம்பி" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அந்தத் தெருவில் ஈரமான நாட்களில் சுவர்கள் லேசாக முனகுகின்றன. அதில் பாட்டு எதுவும் இல்லை, வெறும் முனகல். வீடு பார்க்க வருகிறவர்களிடம் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறார்கள்.

மிஞ்சியது நாலாவது கம்பி. மற்ற மூன்றும் இல்லாததால் அது தன் பங்கை மட்டும் வாசித்துவிட்டு, மற்றவை வாசிக்க வேண்டிய நேரம் முழுக்கக் காத்திருந்து, மறுபடி தன் பங்கை வாசித்தது. மாலைதோறும் அவள் காதைக் கிட்டாரின் முதுகில் வைத்துக் கேட்டாள். மகள் போன் செய்து, லீவு அடுத்த வருடம்தான் என்றாள். "அப்பா வாசிக்கிறாரா?" என்றாள். "வாசிக்கிறார்" என்றாள் அம்மா. சர்வேயர் வந்து, கேட்கிற தூரத்தை டேப் பிடித்து அளந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, வாசிப்பு அடுத்த வருடம் வரை தாங்காது என்றார். முறுக்கைத் தளர்த்தினால் கம்பி வாசிக்காது, வாசிக்காதது அதிலேயே தங்கும். மகளுக்கு அனுப்பினால், அங்கே எந்த பேஸ் கிட்டாரில் மாட்டினாலும் மீதி கேட்கும், அது எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார்.

அப்படிச் செய்தால் அன்றைக்கு மாலையிலிருந்து இந்த வீட்டில் ஒன்றும் கேட்காது. அவர் போன பிறகு விரிக்காத பாயைப் பார்த்துவிட்டு, அவள் "கழட்டுங்க" என்றாள்.

மெக்கானிக் முறுக்காணிக்கு எண்ணெய் விட்டார். திருகும் முன், "ஒரு தடவ கேட்டுடுங்களேன் அண்ணி" என்றார்.

"கேட்டா அவளுக்குக் கொறஞ்சுடும் தம்பி."

அவர் கம்பியை உள்ளங்கையால் அழுத்தியபடியே தளர்த்தினார். ஒரு சத்தமும் வரவில்லை. சேற்றின் பழைய கைக்குட்டையில் சுருட்டித் தடித்த உறைக்குள் வைத்தார்கள். அவள் எழுதியது அரைப் பக்கம்தான்: நலம், நலமறிய ஆவல், மெதுவாக முறுக்கவும், துடைக்க வேண்டாம், வெந்நீர் படவே கூடாது, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேள். முகவரியை சர்வேயர் வரைபடத்தில் ஊர்ப்பெயர் எழுதும் எழுத்தில் எழுதினார். அவள் கட்டுப் போட்ட கையால் பசை தடவி, ஓரங்களை விரலால் நீவி ஒட்டினாள்.

தபால் அலுவலகத்தில் கவுண்டரில் இருந்தவர் எடை போட்டுவிட்டு, உள்ளே என்ன என்று கேட்டார்.

"கம்பி. கொஞ்சம் வாசிப்பு மிச்சம் இருக்கு."

அவர் தலையசைத்து, படிவத்தில் 'கம்பி, பயன்படுத்தியது' என்று எழுதி, முத்திரை குத்தி, பின்னால் திரும்பிச் சாக்கில் போட்டார்.