ரிலீவர் கையெழுத்து

எங்க வூட்டுக்காரரு தமிழ்மாறன் நெய்வேலி மைன்ஸ்ல பெல்ட் பார்க்கிற கான்ட்ராக்ட் ஆளு. நிலக்கரி ஓடுற பெல்ட் எத்தன தடவ நின்னுச்சு, எப்ப திரும்ப ஓடுச்சுன்னு நோட்டுல எழுதி, அடுத்த ஷிப்ட்டுக்கு வர்ற ரிலீவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் எடத்த வுட்டு நகருவாரு. அந்தப் பழக்கத்த மைன்ஸோட வுட்டாரா மனுஷன்?

எம் பொண்ணு ரெண்டு மாசம் முன்னாடியே பொறந்துட்டா. ஒண்ணேகால் கிலோ. பச்சக்கொழந்தைங்க ஐசியுல கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க. டாக்டர் டெய்சி எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு, இனிமே நீங்களும் எங்க டீம்ல ஆளுங்க, கொழந்தைய நெஞ்சுமேல போட்டுக்கணும், டியூப்ல பால் குடுக்கணும், காலையில ரவுண்ட்ஸ்ல எங்களோட நின்னு பார்த்தத சொல்லணும்னாங்க. அவ்ளோதான். மறுநாளே புது நோட்டு வந்துடுச்சு.

கொறமாசக் கொழந்தைங்க சமயத்துல மூச்சு வுட மறந்துடும். உள்ளங்கால தேச்சா திரும்ப வுடும். அத இவரு ரவுண்ட்ஸ்ல, நேத்து மூணு தடவ நின்னுச்சு மேடம், ரெண்டு தானா ஸ்டார்ட் ஆச்சு, ஒண்ணு நான் ஸ்டார்ட் பண்ணேன்னு படிக்கிறாரு. எனக்கு மானம் போவுது. சிஸ்டர் மேரிசெல்வி வாயப் பொத்திக்கினு திரும்பிக்கிட்டாங்க. கொழந்தைய என் கையில குடுக்கறப்பல்லாம் அதே நோட்ட நீட்டி, ரிலீவர் கையெழுத்து போடுங்கறாரு. பெத்தவ நான், எம் புள்ளைய வாங்கிக்க எதுக்குக் கையெழுத்துன்னு ஒரு நாளும் போடல.

எடையும் ஏறுச்சு. ஏழு நாள் சேர்ந்தாப்ல மூச்சு நிக்காம இருந்தா வூட்டுக்குன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மந்தாரக்குப்பத்து வாடகை வூட்டுல இவரே தொட்டில் கட்டினாரு. ஏழாம் நாளு, இவரு நெஞ்சுமேல கெடந்தப்ப கொழந்தைக்கு மூச்சு நின்னுடுச்சு. மூச்சு நின்னா கத்துற மிஷினோட ஒயரு கழண்டிருந்ததால அது கத்தல. கால தேச்சாரு, வந்துடுச்சு. பார்த்தது நாங்க ரெண்டே பேரு.

சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினேன்.

"நின்னத மறைச்சு ஷிப்ட்ட ஒப்படைக்க மாட்டேன் செவ்வந்தி."

டாக்டர்கிட்ட சொல்லியும் புட்டாரு. மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணணும்னுட்டாங்க. ரெண்டு நாள் நான் அவரோட பேசல, சோத்து டப்பாவ மட்டும் தள்ளி வச்சேன்.

மூணாம் நாள் மத்தியானம் என் மடியில கெடந்த கொழந்த நீலமாயிட்டா. கால தேச்சேன், மூச்சு வரல. மேரிசெல்வி சிஸ்டர் புடுங்கிக்கினு போயி, மூஞ்சில மாஸ்க் வச்சு காத்துப் பைய அமுக்கி அமுக்கி மூச்ச வரவச்சாங்க. எனக்கு அந்தத் தொட்டில்தான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. அதுல கெடந்திருந்தா யாரு பைய அமுக்கியிருப்பா?

சாயந்திரம் அவரு வந்ததும் நோட்ட வாங்கி, இன்னிக்கு நின்னது ஒண்ணு, ஸ்டார்ட் பண்ணது மேரிசெல்வி சிஸ்டர்னு எழுதினேன். அப்புறம் மொதப் பக்கத்துலேர்ந்து காலியா கெடந்த எடத்துலயெல்லாம் கையெழுத்துப் போட்டேன். அழுதுகினே போட்டேன்.

பழைய தேதிக்கு இப்பப் போடக் கூடாது, ரூல் இல்லன்னாரு. கண்ணு கலங்கிக் கெடக்கு, பேச்சப் பாரு.

சட்டையக் கழட்டச் சொல்லி, கொழந்தைய அவரு நெஞ்சுமேல போட்டேன். பேனாவ நீட்டினேன்.

"இப்ப ரிலீவர் நீங்க. போடுங்க."