ஒரு ரிங் குறைகிறது

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நர்ஸ் காருக்கு அடியில் போனாள். ஒன்பது ஐந்துக்கு அவளுடைய கணவனின் அண்ணன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து காருக்குப் பக்கத்தில் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். வேலை நடக்கிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான் அந்த வேலைக்கு அதிகாரி என்பது அவர் முப்பது வருடம் கண்ட உண்மை.

குடும்பத்தில் அவருக்குப் பெயர் சர்குலர். பிஸ்கட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்தவர். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் தரக்கட்டுப்பாடு அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை. சமையலறைக் குழாய் சொட்டினால்கூட அது ஏன் சொட்டுகிறது, யார் கவனக்குறைவு, இனி என்ன செய்ய வேண்டும் என்று மூன்று பத்தியில் சுற்றறிக்கை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுவார். குழாய் மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கும். எதையும் கையால் தொட்டதில்லை என்பதால் அவர் கைபட்டு எதுவும் கெட்டதாக வரலாறு இல்லை.

காரின் நோய் இதுதான். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்குத் தானாக மாறவேண்டிய இடத்தில் ஒரு நொடி யோசிக்கும். பிறகு பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி குலுங்கும். பட்டறைக்காரர் பானெட்டைக்கூடத் திறக்காமல் "கியர் பெட்டியே போச்சு" என்று சொல்லிவிட்டார். சர்குலர் அன்று மாலையே குடும்பத்தைக் கூட்டி, காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று தீர்மானம் நிறைவேற்றி, இழுவை வண்டிக்காரரிடம் சனிக்கிழமை நாலு மணிக்கு வரச்சொல்லியும் விட்டார். தீர்மானத்தை அவரே முன்மொழிந்து அவரே வழிமொழிந்தார். தம்பி தலையாட்டினார். அவர் அண்ணன் பேசினாலும் ஆட்டுவார், மனைவி பேசினாலும் ஆட்டுவார். கழுத்து அப்படி அமைந்துவிட்டது.

நர்ஸ் மட்டும் தலையாட்டவில்லை. அவள் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறவள். ஒரு நாளைக்குப் பதினோரு வீடு. முதல் வீடு ஊரின் அந்தக் கடைசியில், காலை ஏழு மணிக்கு. அந்த நேரத்தில் பஸ் கிடையாது. கார் இல்லையென்றால் அந்தப் பதினோரு வீடும் வேறொருத்திக்குப் போகும், இவள் மறுபடி ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகவேண்டும். வார்டை விட்டு வெளியே வர அவளுக்கு ஒன்பது வருடம் பிடித்திருந்தது.

"கட்டைப் பிரிச்சுப் பாக்காமலே காலை வெட்டச் சொல்ற டாக்டரும் இருக்காங்க அத்தான்," என்றாள். "நான் ஒரு தடவை பிரிச்சுப் பாத்துடறேன். வாங்கின நாள்லேர்ந்து கியர் பெட்டிக்கு ஆயிலும் மாத்தல, ஃபில்டரும் மாத்தல."

"பாரும்மா, தாராளமாப் பாரு. ஆனா நாலு மணின்னா நாலு மணி."

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு முன்பே பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு ஆயிலைச் சூடேற்றினாள். ஜாக்கியால் தூக்கி, நாலு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, காரைக் கையால் அசைத்துப் பார்த்து, அது அசையாததும்தான் உள்ளே போனாள். கியர் பெட்டிக்கு அடியில் தட்டு மாதிரி ஒரு மூடி. அதைப் பதினாறு போல்ட்டு பிடித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் ஆயில் முகத்தில் கொட்டும். ஒரு மூலையை மட்டும் தளர்த்தி, தட்டைச் சாய்த்து, அந்த மூலை வழியாக வடியவிடவேண்டும். பதினைந்து போல்ட்டு சொன்னபடி கேட்டது. பதினாறாவது துருப்பிடித்து இறுகியிருந்தது. அதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம்.

"நான் சொன்னேன்ல," என்றார் சர்குலர். அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"அத்தான், அந்த ஸ்பிரேயை எடுங்க."

"எது, இந்த நீல டப்பாவா? இது துருவுக்கு உகந்ததான்னு லேபிள்ல…"

"உகந்ததுதான். உருட்டி விடுங்க."

போல்ட்டு ஒரு முனகலோடு வந்தது. சிவப்பாக இருக்கவேண்டிய ஆயில் கஷாயம் மாதிரி வடிந்தது. அதை அளவுக்கோடு போட்ட ஜாடிகளில் பிடித்தாள். எவ்வளவு வெளியே வருகிறதோ அவ்வளவுதான் உள்ளே போகவேண்டும். தட்டின் உள்ளே, அடியில் ஒரு காந்தம் ஒட்டியிருந்தது. அதில் சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி ஏதோ படிந்திருந்தது. அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். மாவாக இருந்தால் தேய்மானம், பிழைக்கும். துண்டு துண்டாக இருந்தால் பல்சக்கரமே உடைந்திருக்கிறது, பட்டறைக்காரர் சொன்னதுதான் சரி.

மாவுதான்.

"அதை நான் ஆய்வு பண்ணணும்," என்று சர்குலர் எழுந்து வந்து தட்டைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகச் சாய்த்தார். காலியான தட்டு என்று உலகம் நம்புகிற தட்டில் எப்போதும் அரை லிட்டர் இருக்கும். அது அவருடைய சட்டைப் பையில் தொடங்கி, பெல்ட்டில் சற்று இளைப்பாறி, பாலிஷ் போட்ட காலணியில் முடிந்தது.

"இது… இது எதிர்பார்த்ததுதான்," என்றார்.

"துணி அங்க இருக்குண்ணே," என்றார் தம்பி, தலையாட்டியபடி.

பழைய ஃபில்டரை இறக்கினாள். கறுத்துப்போய், அடைத்துக்கொண்டிருந்தது. புதியதன் கழுத்தை மேலே இருக்கிற துளையில் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் முரண்டு பிடித்தது. புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று இன்னும் அழுத்தினாள். தட்டை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, கசியாமலிருக்கப் புது ரப்பர் கேஸ்கெட் வைத்து, பதினாறு போல்ட்டையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். அவள் வெளியே வந்தபோது மணி மூன்று பத்து. சர்குலர் ஏற்கெனவே புது ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து தயாராக நின்றிருந்தார். முடிகிற வேலையில் கடைசிக் கை தன்னுடையதாக இருக்கவேண்டும் என்பதில் அவர் மிகவும் கவனமானவர்.

"ஊத்தலாமா?"

"இருங்க. எண்ணிடறேன்."

"என்னத்தை எண்ண?"

ஆபரேஷன் அறையில் இருந்த வருடங்களில் அவளுக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று கணக்கு நேராகாமல் தையல் போடக்கூடாது. கழற்றிப் போட்ட பழைய சாமான்களைச் செய்தித்தாளில் வரிசையாக வைத்திருந்தாள். பழைய ஃபில்டர் ஒன்று. பழைய கேஸ்கெட் ஒன்று. புது ஃபில்டர் வந்த டப்பாவின் படத்தைப் பார்த்தாள்: கழுத்தில் ஒரு ரப்பர் ரிங். பழைய ஃபில்டரின் கழுத்தைப் பார்த்தாள். மொட்டை.

"ஒரு ரிங் குறையுது."

"பழசுல ரிங்கே போட்டிருக்க மாட்டாங்கம்மா. அப்பல்லாம் வடிவமைப்பே வேற."

"போட்டிருப்பாங்க. அது மேலயே ஒட்டிக்கிட்டு இருக்கு. அதான் புதுசு உள்ள போக முரண்டு பிடிச்சுது. ஒரு ரிங்மேல இன்னொரு ரிங்கு. இப்ப ஊத்தினா ஃபில்டர் ஆயிலுக்குப் பதிலாக் காத்தை உறிஞ்சும்."

"அனுமானம்! மணி மூணு பதினஞ்சு. போட்ட பதினாறையும் மறுபடி கழட்டப் போறியா?"

"ஆமா."

கணவன் வாயைத் திறந்தார். "அண்ணன் சொல்றதும்…" என்று தொடங்கி, காருக்கு அடியில் போய்க்கொண்டிருந்த மனைவியின் செருப்பைப் பார்த்துவிட்டு, "…டார்ச்சு வேணுமா?" என்று முடித்தார். பத்து வருடத் தாம்பத்தியத்தில் அவர் ஒரு வாக்கியத்தை நடுவழியில் திருப்பியது அதுதான் முதல் தடவை.

பதினாறு போல்ட்டு மறுபடி வந்தது. தட்டு வந்தது. ஃபில்டர் வந்தது. கணவன் மல்லாந்து படுத்து டார்ச் அடித்தார். துளைக்குள் ஒன்றும் தெரியவில்லை. சுவரும் ஆயிலும் ஒரே நிறம். "காலியாத்தான் தெரியுது," என்றார். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலை உள்ளே விட்டுச் சுற்றினாள். வழவழ, வழவழ, ஓரிடத்தில் ஒரு மெல்லிய விளிம்பு. நகம் நின்றது.

"இருக்கு."

தெருவில் இழுவை வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நாலு மணி. சர்குலர் சட்டையில் கஷாயக் கறையோடு வாசலுக்குப் போனார்.

"வாங்க, வாங்க. வண்டி தயார். எடுத்துக்கலாம்."

இழுவை வண்டிக்காரர் பருத்த மனிதர், அவசரம் தெரியாதவர். குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். "கீழ ஆளு இருக்காங்களே."

"அவங்க வெளிய வந்துடுவாங்க."

"என்ன பண்றீங்கம்மா?"

"பழைய ரிங்கு உள்ள ஒட்டிக்கிச்சு," என்றது காரின் அடிவயிறு. "எடுத்துக்கிட்டிருக்கேன்."

"ஓ. எண்ணினீங்களா?"

"எண்ணினதாலதான் தெரிஞ்சுது."

"அப்ப எடுங்க. சொரண்டி வச்சுடாதீங்க, துளைல கீறல் விழுந்தா தீந்துச்சு." அவர் சர்குலர் பக்கம் திரும்பினார். "சார், இந்த நாற்காலி யாருக்கு?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அதில் உட்கார்ந்தார்.

கட்டு மாற்றும் பையிலிருந்து கணவன் எடுத்துக்கொடுத்த முனை மழுங்கிய கிடுக்கியை வாங்கி, சுவரைத் தொடாமல், ஒரு பக்கம் நெம்பி, மறுபக்கம் நெம்பி, பதினைந்து நிமிடத்தில் ரிங்கை வெளியே எடுத்தாள். கறுத்து, காய்ந்து, செத்த புழு மாதிரி இருந்தது. செய்தித்தாளில் பழைய ஃபில்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். புதியது இந்த முறை ஒரே அழுத்தில், சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது. தட்டு, பதினாறு போல்ட்டு, நீளக் குழாய் வைத்த புனல். ஜாடியில் பிடித்த அளவும், தட்டிலிருந்து சர்குலர் சட்டைக்குப் போன அரை லிட்டரும் சேர்த்து ஊற்றினாள். என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராகத் தொட்டு வந்து, அளவுக்கம்பியைப் பார்த்து, ஸ்டாண்டை எடுத்தாள்.

"இறுதி ஆய்வுக்கு நான் வரணும்," என்று சர்குலர் முன் இருக்கையில் ஏறினார்.

மேட்டுத் தெருவில்தான் கார் எப்போதும் உதைக்கும். அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஒன்று. இரண்டு. கால் மெல்ல அழுத்தியது. என்ஜின் சத்தம் தணிந்தது. மேடு காலடியில் வழுக்கிக்கொண்டு போனது.

சர்குலர் கண்ணை மூடி, டேஷ்போர்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். "எப்பம்மா மூணாவது விழும்? முன்னாடியே சொல்லிடு."

"விழுந்து ரெண்டு தெரு ஆச்சு அத்தான்."

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். மீதி வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாக ஆய்வு செய்துகொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் அவள் என்ஜினை நிறுத்தவில்லை. சூடான ஆயிலில் அளவை இன்னொரு முறை பார்க்கவேண்டும். பானெட்டைத் திறந்துகொண்டே சொன்னாள்: "இழுவை வண்டியைக் கூப்பிட்டது நீங்க. போகவும் நீங்களே சொல்லிடுங்க."

சர்குலர் தொண்டையைச் செருமிக்கொண்டு நாற்காலியை நோக்கி நடந்தார். "அதாவது, ஒரு ரிங்கு உள்ளேயே தங்கியிருந்ததை நாங்க கண்டுபிடிச்சதால…"

"நாங்கன்னா யாரு சார்?" என்றார் இழுவை வண்டிக்காரர், எழுந்திருக்காமல்.

நர்ஸ் அளவுக்கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தாள். இரண்டு கோட்டுக்கும் நடுவில், ஆயில் சிவப்பாக நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, ஏழு மணி வீட்டுக்கு நாளைக்கு வருவதாகச் சொன்னாள்.