ஒன்பதாம் கேள்விக்குப் பதில்

இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா விண்ணப்பத்தை உரக்க வாசித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எதிரே மருந்துக்கடைக்காரம்மாவும் அவளுடைய சம்பந்தியம்மாவும். மருந்துக்கடைக்காரம்மாவின் மகள் வெளிநாட்டில்; அவளுக்கு எட்டாம் மாதம். பிரசவத்துக்குத் துணையாக இருவரும் ஒரே விமானத்தில் போவதாக ஏற்பாடு. டிக்கெட் போட்டது, பயண மருத்துவ இன்சூரன்ஸுக்கு ஃபாரம் நிரப்பியது எல்லாம் மருந்துக்கடைக்காரம்மாவின் மகன்தான்.

“எட்டாவது, சர்க்கரை?”

“பன்னிரண்டு வருஷமா இருக்கு, எழுதிக்குங்க” என்றாள் சம்பந்தியம்மா, வாங்கிய பட்டத்தைச் சொல்வதுபோல.

“ஒன்பது. வலிப்பு, நரம்பு சம்பந்தமா ஏதாவது?”

சம்பந்தியம்மா இல்லையென்று தலையை ஆட்டினாள். “அம்மாவுக்கும் ஒண்ணும் இல்ல சார்” என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன். மேசைக்கடியில் அவன் முழங்கால் அம்மாவின் முழங்காலை இடித்தது.

அந்த இடி அவளுக்குப் புதிதல்ல. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அப்பா கண்ணாலேயே இடித்தார். விஷயம் தெரிந்த பிறகு புருஷன், “வெளிய மூச்சு விடாதே” என்றார். மகள் கல்யாணத்தில் இதே மகன், “பரம்பரை வியாதின்னு கிளப்பி விட்டுடுவாங்கம்மா” என்று கெஞ்சினான். இருபத்தெட்டு வருடமாகக் கவுண்டரில் நின்று, வலிப்பு மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் “எதையும் மறைக்காதீங்க” என்று படித்துப் படித்துச் சொன்னவள், தன் மாத்திரையை மட்டும் அட்டைப்பெட்டி மறைவில் போய் விழுங்கினாள்.

“இருக்கு” என்றாள். “எனக்கு வலிப்பு இருக்கு. பதினாறு வயசிலேருந்து.”

“அம்மா! மூணு வருஷமா வரலையே...”

“வாயை மூடு. வலிப்பு உனக்கா, எனக்கா? மாத்திரை போடறதால வரலை. அங்க போய் வந்துட்டா? இல்லைன்னு எழுதின காகிதத்தைக் காட்டிக் கம்பெனிக்காரன் கையை விரிச்சா, கைக்குழந்தையோட உன் தங்கச்சியா ஆஸ்பத்திரிக்கு அலையணும்?”

குமாஸ்தா பேனாவை மூடினார். “சொன்னதே நல்லதும்மா. டாக்டர் சர்டிபிகேட் கொண்டாங்க. பிரீமியம் கூடும். ஒத்துக்கறதும் ஒத்துக்காததும் கம்பெனி முடிவு.”

சம்பந்தியம்மாவின் முகம் சுண்டிப்போயிருந்தது. “கல்யாணத்தப்போ ஒரு வார்த்தை சொல்லலையே சம்பந்தி. ஏமாத்திட்டீங்களே.”

“மறைச்சோம். தப்புதான். அதுக்கு என்னைத் திட்டுங்க, கேட்டுக்கறேன். ஆனா வியாதி வந்ததுக்கு நான் தலைகுனிய மாட்டேன். என் பொண்ணையும் இதை வெச்சு யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது.”

சம்பந்தியம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தெருவில் இறங்கியதும் மகன் வெடித்தான். “தங்கச்சி வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்க.”

“என் வாயைக் கட்டித்தான் அவ வாழணுமா? எனக்கு வெட்கம் இல்லடா. உங்க எல்லாருக்கும்தான் வெட்கம். அதை நாப்பது வருஷமா என் தலையில சுமக்க வெச்சீங்க.” அவன் வண்டியில் ஏறாமல், பஸ் பிடித்து நேரே டாக்டரிடம் போனாள்.

டாக்டர் எழுதிக் கொடுத்தார். பத்து நாள் இழுத்தடித்து, கூடுதல் பிரீமியத்துக்குக் கம்பெனி ஒத்துக்கொண்டது. அதற்குள் சம்பந்தியம்மா டிக்கெட்டை மாற்றி முன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்தாள்.

மகள் போன் செய்தாள். “அத்தை எல்லாம் சொல்லிட்டாங்கம்மா. என்கிட்ட ஏன் மறைச்சேன்னு அவர் ரெண்டு நாள் பேசலை. இப்பப் பேசறார். அத்தைதான் உர்ருனு இருக்காங்க.”

“இருக்கட்டும். அவங்க கோபம் நியாயம். நான் வந்து பேசிக்கறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு.”

கிளம்பும் நாளில் விமான நிலைய வாசல்வரை மகன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். “இன்னும் கோபம் தீரலையாம்மா?”

“தீரலை” என்று சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.