ஊறப்போட்ட ஆராய்ச்சி

என் வீட்டுக்காரருக்கு வெளியில் ‘வேர்ச்சொல்’ என்று பட்டப்பெயர். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அது பிறந்த இடத்தைச் சொல்லிவிடுவார். அவருடைய மூக்குக்கண்ணாடி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நான்தான் சொல்ல வேண்டும்.

அன்று மாலை நூலகக் கூடத்தில் அவருடைய சொற்பொழிவு. கத்தரிக்கோல் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். வெட்டும்போது அது சத்தம் போடுகிறதாம், அதாவது கத்துகிறதாம், கத்துவதால் கத்தரியாம். அப்படிப் பார்த்தால் இந்த வீட்டின் முதல் கத்தரிக்கோல் நீங்கள்தான் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்றார்.

புரியாதுதான். ஆனால் எனக்கு வேறு கவலை இருந்தது. என் அப்பா நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். ஜனங்கள் வாயில் புழங்கும் சொற்களை வாழ்நாள் முழுக்கச் சேர்த்து, பொருள் எழுதி, தட்டச்சு செய்து வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். தாளை மிச்சம் பிடிக்க இரண்டு பக்கமும் அடித்திருப்பார். வேறு பிரதி கிடையாது. அதைப் புத்தகமாகப் போட நான் ஏறாத படி இல்லை. கடைசியில் ஓர் அச்சகக்காரர் மனமிரங்கி, மறுநாள் காலையில் வந்து அந்தத் தாள்கட்டை எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தார்.

மதியம் சரிபார்க்கலாம் என்று கட்டை அவிழ்த்தேன். ககர வரிசையில் ஒரு தாளுக்கு நடுவே ஜன்னல் வைத்ததுபோல் ஓட்டை.

அவர் அறைக்குள் போனேன். மேசைமேல் பெரிய சார்ட். நடுவில் அப்பாவின் ‘கத்தரி’ ஒட்டியிருந்தது. தையற்காரர் கையில் இருப்பது, கூரையில் குறுக்கே மாட்டும் மரம், மல்லர்கள் காலால் போடும் பிடி, செலவைக் குறைப்பது, உறவை அறுப்பது என்று அப்பா அடுக்கியிருந்தார். சுற்றிலும் என் வீட்டுக்காரர் ஊதா ஸ்கெட்ச் பேனாவால் அம்பு அம்பாக விட்டு, ஒவ்வொரு அம்பின் முனையிலும் ‘கத்து’ என்று எழுதியிருந்தார்.

"எதால வெட்டினீங்க?"

"பால் கவர் வெட்டற கத்தரிக்கோலாலதான். ஏன்?"

"பின்பக்கமும் அடிச்சிருக்குமே, பாக்கலையா?"

"பாத்தேன். அதுல கத்தரியைப் பத்தி ஒண்ணும் இல்லையே."

இவ்வளவுதான் இவருடைய படிப்பு. அந்தத் துண்டின் பின்பக்கத்தில் அப்பாவின் ‘கதகதப்பு’ம் ‘கதவு’ம் சார்ட்டோடு ஒட்டிக் கிடந்தன. ஒட்டியது மைதாப் பசை. எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் காலையில் அதைக் காய்ச்சிக் கொடுத்த புத்திசாலி நான்தான்.

"பாத்து எழுதிக்கக் கூடாதா?"

"அசலை ஒட்டினாத்தாம்மா நாலு பேரு நம்புவாங்க."

அப்போதுதான் கவனித்தேன், அப்பா எழுதிய கடைசி வரி சார்ட்டில் இல்லை. அது எனக்கு மனப்பாடம். ‘வடமொழியிலிருந்து வந்தது என்பார் சிலர்; கத்திக்கு உறவு என்பார் சிலர். எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.’

"கடைசி வரி எங்க?"

"அது தேவையில்லாத வரி. தெரியலைன்னு சொல்றதுக்கா என்னை மேடைக்குக் கூப்பிட்டிருக்காங்க?" என்று சொல்லிவிட்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்.

குப்பைக்கூடையைக் கிளறினேன். பென்சில் சீவலுக்கு அடியில் அந்த வரி ஒரு விரல் அகலத்தில் சுருண்டு கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இந்த ஆளை இத்தனை வருஷமாக அறிவாளி என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

குளியலறையில் பாட்டுச் சத்தம் கேட்டது. நான் பின்பக்கம் போய், துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் நிரப்பி, சார்ட்டை அப்படியே அமுக்கினேன். முதலில் அம்புகள் கரைந்தன. பிறகு ‘கத்து’ எல்லாம் கரைந்து தண்ணீர் ஊதாவானது. பசை இளகியதும் அப்பாவின் துண்டு தானாகவே கழன்று மேலே வந்தது. ஓரத்தில் கொஞ்சம் சாயம் ஏறியிருந்தது. தட்டச்சு ரிப்பன் மை தண்ணீருக்குக் கரையாது; எழுத்துகள் ஒன்றுகூட அசையவில்லை. திருப்பினேன். ‘கதகதப்பு’ இருந்தது, ‘கதவு’ம் இருந்தது. அதைத் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டினேன். பக்கத்திலேயே அந்தக் கடைசி வரியையும் மாட்டினேன்.

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார்.

"சார்ட்டை எங்கம்மா வச்சே?"

"ஊறுதுங்க."

தொட்டியைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். வாசலில் அவரை அழைத்துப்போக வந்த கார் ஹாரன் அடித்தது.

"இப்ப நான் மேடையில என்னத்தைச் சொல்லுவேன்?"

கொடியில் ஆடிக்கொண்டிருந்த அந்தக் கடைசி வரியைக் காட்டினேன்.

"அதை நல்லாப் படிச்சுட்டுப் போங்க. கையில தரமாட்டேன், காலையில அச்சகத்துக்குப் போகணும்."