அம்பு விடக்கூடாத மான்

வெர்லின் ஹாப்ட்டுக்கு அன்றைக்கு ஒரே ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. ஆர்டிஸ் பிரெக்கி அம்மாளின் காட்டுக்குள் இந்த வருஷமும் நுழைய அனுமதி வாங்கிவிட வேண்டும். வருஷக்கணக்காக அவன் வில்லோடு போய் மான் வேட்டையாடிய காடு அது. போன இலையுதிர் காலத்தில் எவனோ ஒரு புண்ணியவான் ஒரு மானை வயிற்றில் எய்துவிட்டு, தேடிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். அது அந்தம்மாளின் ஆப்பிள் மரத்தடியில் வந்து விழுந்து, பகல் முழுக்கத் துடித்துச் செத்தது. அதோடு கேட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். இனிமேல் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சாவி என்றும் சொல்லிவிட்டார்.

அந்த அம்பு வெர்லினுடையது அல்ல. ஊருக்கே தெரியும். அவன் போய்க் கேட்டபோது, வில்வித்தை கிளப் விழாவுக்கு வருகிறேன், உன்னோடு நடக்கிறேன், அப்புறம் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், ஆகஸ்ட் மாத ஞாயிறு ஒன்றில் நடக்கிற விழா அது. கிளப்பின் காட்டுப் பாதை நெடுக ரப்பர் மான்களையும் கரடிகளையும் வான்கோழிகளையும் ஒளித்து வைத்திருப்பார்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து நடந்து, எய்து, ஒருவரையொருவர் வாரிவிட்டு, கடைசியில் எல்லாரும் உட்கார்ந்து சாசேஜும் சோளமும் தின்பார்கள். பரிசென்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பேர்தான் பரிசு.

வெர்லினுக்கு அந்தப் பேர் நிறையவே இருந்தது. போதாக்குறைக்கு அவனே கொண்டுவந்த சட்டம் ஒன்றும் இருந்தது. வருஷா வருஷம் பாதை போடுகிறவர்கள் ஒரு மானை, எய்யவே கூடாத விதத்தில் நிறுத்த வேண்டும். எங்கே என்று யாருக்கும் சொல்லக்கூடாது. எய்யாமல் தாண்டிப் போகிறவனுக்கு முழுப் புள்ளி. எய்தவன் சாப்பாடு முடியும்வரை கழுத்தில் மாட்டு மணியைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டும். கையிலிருக்கிற அம்பை விடாமல் இருக்கத் தெரிந்தவன்தான் வேட்டைக்காரன் என்று சட்டம் கொண்டுவந்த அன்று அவன் பிரசங்கமே செய்தான்.

அன்று அவன் குழுவில் ரஸ் பெக்காரெக் இருந்தான், வாயை மூடவே தெரியாதவன். லாரி மெக்கானிக் மைலோ ஜாஸ்ட்ரோ இருந்தான். அவன் எய்தால் பாதி அம்பு மண்ணில்தான் குத்தும். பின்னால் கைத்தடியோடு பிரெக்கி அம்மாள். வழி நெடுக வெர்லின் அந்த எவனோ ஒருவனைத் திட்டித் தீர்த்துக்கொண்டே வந்தான். மனுஷனா அவன், வில்லைத் தொட விடக்கூடாது அவனையெல்லாம் என்றான். அம்மாள் கேட்டுக்கொண்டே வந்தார்.

பள்ளத்தில் இரண்டு பிர்ச் மரங்களுக்கு நடுவே ஒரு மான் நின்றது. தலையைத் தூக்கி நேராக இவர்களையே பார்த்தபடி. மைலோ வில்லைத் தூக்கினான், கொஞ்ச நேரம் பார்த்தான், அம்பை மறுபடி கூட்டில் செருகிவிட்டு ஓரமாக நகர்ந்துகொண்டான்.

"பயந்துட்டான்டா," என்றான் ரஸ். "தலைவரே, நீங்களும் அப்படியே நழுவிடுவீங்களா? அம்மா பார்த்துட்டிருக்காங்க."

நேராகப் பார்த்து நிற்கிற மானின் மேல் அம்பு விடக்கூடாது. நெஞ்செலும்பில் பட்டுச் சறுக்கிக் குடலில் இறங்கினால் காடு முழுக்க ஓடி, எங்கேயோ போய்க் கிடந்து சாகும். இது வெர்லினுக்குத் தெரியாதா? பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. இதுதான் அந்த மான் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அதுவரை ஒரு குறிகூடத் தப்பவில்லை அவனுக்கு. முதுகுக்குப் பின்னால் அந்தம்மாள் நிற்கிறார். கை தானாக நாணை இழுத்தது என்று சொல்லலாம், அது பொய். அவன்தான் இழுத்தான்.

அம்பு சொல்லிவைத்த மாதிரி நெஞ்சின் நட்டநடுவில் போய்க் குத்தியது. அப்படியொரு எய்தலை அந்த வருஷம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். குத்திய வேகத்தில் மான் ஆட, அதன் பின்னங்காலில் கட்டியிருந்த மணி டணடணவென்று அடித்தது.

ரஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மைலோ வேறு பக்கம் திரும்பி நின்றான், பாவம். வெர்லினின் முகத்தில் ஈயாடவில்லை. தானே போய் மணியை அவிழ்த்தான், தானே கட்டிக்கொண்டான்.

திரும்பும் வழியில் பிரெக்கி அம்மாள் அவன் பக்கத்தில் நடந்தார்.

"அது எப்படி நிக்குதுன்னு உனக்குத் தெரியலையா, வெர்லின்?"

வெயில் கண்ணில் அடித்தது என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினான்.

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்?"

"நீங்க பார்த்துட்டிருந்தீங்க."

அவர் கைத்தடியை ஊன்றி முன்னால் நடந்துவிட்டார். இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

சாப்பாட்டுப் பந்தலில் அவனை யாரும் விடவில்லை. சட்டம் போட்டவனே மாட்டிக்கொண்டான் என்று வருகிறவன் போகிறவனெல்லாம் மணியைத் தட்டிவிட்டுப் போனான். எல்லாம் பிரியத்தில்தான். அவனும் சிரித்து வைத்தான். சோளத்தைக் கடிக்கக் குனிந்தபோதெல்லாம் மணி அடித்தது. சிரிக்கச் சிரிக்க உள்ளுக்குள் கூசியது. எந்த ஆளைக் காலையெல்லாம் திட்டினானோ, அவனும் வேறெதற்கு எய்திருப்பான்? பக்கத்தில் யாராவது நின்றிருப்பார்கள். நல்ல கொம்புள்ள மானாக இருந்திருக்கும். இன்றைக்கு ரப்பர் என்பதால் ரத்தம் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரெக்கி அம்மாள் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார். உருளைக்கிழங்கு சாலட்டைக் கொஞ்சம் அவன் தட்டிலும் வைத்தார்.

"சாவியை மைலோகிட்ட குடுத்துட்டேன்," என்றார்.

"சரிங்க." அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"மானை அடிச்சா இழுத்துட்டு வர ஒரு ஆள் வேணும்னான். அந்தக் காட்டுல உனக்குத் தெரியாத தடம் இல்ல. உன்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கேன். வருவியா?"

"வர்றேன்."

"வில்லை வீட்டுலயே வச்சிட்டு வா."

அவன் தலையாட்டினான். மணி அடித்தது.