கடைசிக் கட்டத்தில் நுழையும் திருடன்

விடியற்காலைக் குளிரில் மை கூழாகிவிடும். மன்ஹாட்டனில் எங்கள் படக்கதைப் பட்டறையில் வெப்பக்குழாய் எட்டு மணிக்கு மேல்தான் உயிர் பெறும். அதுவரை புட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் வேலை. ஃபுக்ஸ் கட்டம் பிரித்துப் பென்சிலால் வரைவார். நான் தூரிகையால் மை ஏற்றுவேன். புளூமா வசனம் எழுதுவாள். பக்கம் கைமாறிக்கொண்டே இருக்கும். யாரும் நிமிர்வதில்லை.

போன மாதம் முதலாளி லாங் பக்கக் கூலியைக் குறைத்தார். வாடகை குறையவில்லை, ரொட்டி விலையும் குறையவில்லை. ஆகவே பக்கங்கள் கூடின. ஃபுக்ஸின் விரல்கள் பென்சிலைப் பிடித்த வாக்கிலேயே மடங்கிப்போயிருந்தன.

அன்று காலை லாங் ஒரு கட்டுப் பக்கங்களை ஃபுக்ஸின் மேசைமேல் எறிந்தார்.

"அச்சகத்துக்காரன் போன்ல சிரிக்கிறான்யா! முதல் கட்டத்துல திருடன் அடிபட்டு விழுந்து கெடக்கான். கடைசிக் கட்டத்துல நகைக்கடைக்குள்ள நுழையறான். என்ன கூத்து இது?"

ஃபுக்ஸ் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"கட்டத்தையெல்லாம் வலமிருந்து போட்டுட்டேன்," என்றார். "தூக்கக் கலக்கம். வலமிருந்து இடமா நம்ம யிட்டிஷ் பேப்பர் படிக்கிற வாக்குல கை ஓடிருச்சு."

"இது அமெரிக்கா, ஓய்! மொத்தத்தையும் கூலியில்லாம திருப்பி வரைஞ்சு குடுத்துட்டு நடையைக் கட்டு. நாளைக்கு ஒன் நாற்காலியில வேற ஆளு."

ஃபுக்ஸின் மனைவி மலையில் காசநோய் விடுதியில் இருந்தாள். இவர் வேலை போனால் அவளுக்கு அங்கே கட்டில் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். லாங்குக்கும் தெரியும்.

நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். மை என்னுடையது. ஒரு நாள் முழுக்க அதன்மேல் குனிந்திருந்தும் எனக்கு ஒன்றும் தப்பாகப் படவில்லை. என் கண்ணும் வலப்பக்கத்திலிருந்துதான் நடந்திருக்கிறது.

"மை போட்டது நான். எனக்கும் சரியாத்தான் தெரிஞ்சுது," என்றேன்.

"வசனம் எழுதினவ நான். என்னையும் அனுப்புங்க," என்றாள் புளூமா.

"என்ன, எல்லாரும் சேந்து நாடகமா?"

"நேத்து சாயங்காலம் இதை வாங்கிப் படிச்சு வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சது யாரு? நம்ம லாங்கரோவிச் ஐயாதானே? நீங்க எந்தப் பக்கத்துலேருந்து படிச்சீங்க?" என்றாள் புளூமா.

அமெரிக்கா வந்ததும் லாங் என்று அவர் சுருக்கிக்கொண்ட அந்தப் பழைய பெயரை அங்கே யாரும் உச்சரித்ததில்லை. லாங்கின் காதுகள் சிவந்தன.

"பழைய கூலி வரணும்," என்றேன். "ஃபுக்ஸ் அண்ணன் இருக்கணும். அதுவரைக்கும் யாரும் தூரிகையைத் தொட மாட்டோம்."

"வேலை கேட்டு வாசல்ல வரிசை நிக்குது, லைபிஷ்."

"நிக்கட்டும். அவங்ககிட்டயும் பேசறோம்."

பின்வரிசையில் ஒருவர் எழுந்து தூரிகையைக் கழுவினார். பிறகு இன்னொருவர். வேலை முடியும் மாலையில் மட்டும் கேட்கும் ஓசை அது. லாங் தன் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினார்.

நாளை இந்தக் கூடம் எங்களுக்குத் திறக்குமா? தெரியாது. அறைக்குள் தொலைபேசி அடித்து ஓய்ந்தது, அச்சகத்துக்காரராக இருக்கும். அவர் எடுக்கவில்லை.

ஃபுக்ஸ் அந்தப் பக்கங்களின்மேல் தலைவைத்து உறங்கிப்போனார். நாங்கள் நாற்காலிகளைச் சத்தமில்லாமல் தூக்கிவந்து அவரைச் சுற்றிப் போட்டு உட்கார்ந்தோம்.