வெள்ளிக்கிழமை பதினொரு மணி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அரசியல் என்றால் ஆகாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கொக்கி வைப்பது, ஓரம் அடிப்பது, மூன்று மணிக்கு நுரை பொங்க ஒரு தே தாரிக் டீ குடிப்பது. அதையும் நிம்மதியாகக் குடிக்கவிடாமல் என்னை ஒன்பது நாள் மாடி மாடியாக ஏறி இறங்க வைத்தவள் விசாலாட்சி அக்கா. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் மாடியில் 'விசா பிளவுஸ் சென்டர்' என்று ஒரு கடை இருக்கிறதல்லவா, அதற்கு முதலாளி. இருபத்தாறு வருஷமாக அவள் வெட்டுவாள், நான் தைப்பேன், நடுநடுவே இரண்டு பேரும் சண்டை போடுவோம்.

அக்காவின் வீடு புக்கிட் மேராவை ஒட்டிய தெம்பூசு ஹில்லில். மேடான இடம், பழைய அடுக்குமாடி புளோக்குகள், பாதிக்கு மேல் வயதானவர்கள். மேட்டின் மேலே வரை ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது பெரிய சாலைக்கு வர அறுபத்து நான்கு படி இறங்க வேண்டும். திரும்பி ஏறுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அக்கா பதினொரு கடிதம் எழுதினாள். பதினொன்றுக்கும் ஒரே பதில், உங்கள் கருத்தைக் கவனத்தில் கொண்டுள்ளோம் என்று. கடைசிப் பதிலை அவள் கை பாகத்துக்கு அளவுத் தாளாக வெட்டிவிட்டாள். வெட்டி முடித்ததும், இந்தத் தேர்தலில் தெம்பூசு ஹில் தொகுதியில் நானே நிற்கப்போகிறேன் என்றாள். வெயிலில் அலைந்ததால் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்து மோர் வாங்கிக் கொடுத்தேன்.

மோரைக் குடித்துவிட்டு மறுபடியும் அதையே சொன்னாள்.

கட்சி இல்லை, கொடி இல்லை, சுயேச்சை. அப்படி நிற்பவருக்கு முதல் கண்டமே வேட்புமனுதான். அந்தத் தொகுதியில் ஓட்டு உள்ளவர்களாக ஆறு பேர் வேண்டும். ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, நான்கு பேர் ஆமோதிக்க. கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, தாக்கல் செய்யும் நேரத்தில் ஆறு பேரும் நேரில் வந்து நிற்க வேண்டும். நான் இருப்பதோ செங்காங்கில், என் கையெழுத்து செல்லாது. கதவைத் தட்டினால் சிரித்த முகமாகத் தண்ணீர் கொடுப்பவர்கள், பேர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றதும் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று உள்ளே போய்விடுவார்கள். முந்நூறு கதவு தட்டி ஆறு பேரைத் தேற்றினோம். அந்தப் பஸ்ஸைப் பதினாறு வருஷம் ஓட்டி ஓய்வு பெற்ற முகமது யூசுப் பாய் முன்மொழிய ஒப்புக்கொண்டார். எங்கள் கடைக்கு முதல் நாளிலிருந்து வரும் லீலா வழிமொழிய வந்தாள். கீழ்த்தளத்து கோ ஆன்ட்டியும் அவர் தங்கையும் இரண்டு பேர். முத்தையா, மரியம்மாள் தம்பதி இரண்டு பேர். ஆறு ஆகிவிட்டது என்று நான் ஒரு பாக்கெட் லட்டு வாங்கினேன்.

அன்று சாயங்காலமே மனுத் தாக்கலுக்கு நாள் அறிவித்தார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை.

லீலா போன் செய்தாள். "விசாக்கா, வெள்ளிக்கிழமை பத்தரையிலேர்ந்து பன்னெண்டு ராகு காலம். அந்த நேரத்துல போய் நான் எப்படி நிப்பேன்? நீங்கதானே எங்களுக்கே சொல்லிக் குடுத்தீங்க."

அதுதான் விஷயம். எங்கள் கடை வாசலில் இருபத்தாறு வருஷமாக ஒரு போர்டு தொங்கியது, ராகு காலத்தில் துணி வெட்டப்பட மாட்டாது என்று. கல்யாணப் பட்டை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலையில் வந்தவர்களையெல்லாம் அக்கா உட்கார வைத்து, நல்ல காரியத்தை அந்த நேரத்தில் தொட்டால் விளங்காது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவள் சொல்லிச் சொல்லியே தெம்பூசு ஹில்லில் பாதிப் பெண்கள் அந்த ஒன்றரை மணி நேரம் குக்கர்கூட வாங்க மாட்டார்கள். இப்போது அவள் வைத்த போர்டு அவளையே மறித்துக்கொண்டு நிற்கிறது. லீலா வராவிட்டால் முத்தையாவும் மரியம்மாளும் வர மாட்டார்கள். மூன்று பேர் போனால் மனுவே இல்லை. மனு இல்லையென்றால் எதிர்த்து நிற்பவருக்குப் போட்டியே இல்லை, ஓட்டே போடாமல் அவர் நாடாளுமன்றம் போய்விடுவார். பஸ்ஸைப் பற்றி இன்னும் ஐந்து வருஷம் கடிதம் எழுதிக்கொண்டிருக்கலாம்.

யூசுப் பாய் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். சிங்கப்பூரில் சூரியன் ஏழு மணிக்குத்தானே உதிக்கிறது, அப்படியானால் ராகு காலமும் ஒரு மணி நேரம் தள்ளித்தானே வரும், பதினொன்றரைக்குள் காரியத்தை முடித்துவிடலாம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. லீலாவிடம் சொன்னபோது, அப்படியென்றால் இத்தனை வருஷம் தப்பான நேரத்துக்கா எங்களைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேட்டாள். பாய் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். கோ ஆன்ட்டி மட்டும் குஷியாக இருந்தார். அவருடைய சீன நாள்காட்டியில் அந்த வெள்ளிக்கிழமை கல்யாணம், குடிபோவது, கையெழுத்து எல்லாவற்றுக்கும் அமோகமான நாளாம்.

மனுத் தாக்கலுக்கு முன்னால் இன்னொரு வெள்ளிக்கிழமை இருந்தது. அன்று காலை பத்தே முக்காலுக்கு அக்கா லீலாவையும் மரியம்மாளையும் கடைக்கு வரச் சொல்லியிருந்தாள். அவள் புத்தி எனக்குத் தெரியும். என்ன செய்யப்போகிறாள் என்று முதல் நாளே மோப்பம் பிடித்து, பெரிய கத்தரிக்கோலை லைனிங் துணிப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். எனக்கு நம்பிக்கை உண்டு, அதில் என்ன வெட்கம்?

அக்கா மயில்கழுத்துப் பட்டு ஒரு மீட்டரை மேசையில் விரித்தாள். மகன் கல்யாணத்துக்கு எடுத்த புடவையோடு வந்தது, வெட்ட மனசு வராமல் வைத்திருந்தாள். கெட்டால் இன்னொன்று கிடைக்காது. கையை என் பக்கம் நீட்டினாள். நான் கூரையைப் பார்த்தேன். நீட்டிய கை அப்படியே இருந்தது. கடைசியில் பெட்டியைத் திறந்து கத்தரிக்கோலைக் கொடுத்தேன், கொடுக்கும்போது முணுமுணுத்ததை இங்கே எழுத முடியாது.

கடிகாரத்தில் பதினொன்று. அவள் வெட்டினாள். முதுகு, முன் பக்கம், இரண்டு கை, நிற்காமல் வெட்டி முடித்தாள். மனுத் தாக்கலுக்கு இதைத்தான் போட்டுக்கொண்டு போவேன் என்றாள். பிறகு வாசலுக்குப் போய் அந்தப் போர்டைக் கழற்றி எடுத்துவந்து லீலாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"லீலா, இந்த போர்டு ராகுவுக்குப் பயந்து வெச்சது இல்ல. வியாழக்கிழமையெல்லாம் விடிய விடிய தைச்சிட்டு வெள்ளிக்கிழமை காலையில எனக்குக் கை ஓடாது. துணி லேட்டானா, ராகு காலம் வந்திடுச்சு, வெட்டலைன்னு சொன்னா யாரும் திட்ட மாட்டாங்க. என் சோம்பேறித்தனத்துக்கு சாமி பேரு வெச்சேன்."

எனக்கே இது தெரியாது. இருபத்தாறு வருஷமாக வெள்ளிக்கிழமை காலையில் ஊசியைக்கூடத் தொடாமல், பயபக்தியோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனால் லீலாவின் முகத்தைப் பார்த்ததும் என் கோபம் ஓரமாகப் போய்விட்டது.

"அப்ப என் வளைகாப்பு பிளவுஸ்?" என்று கேட்டாள் லீலா.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அவள் மகள் பவித்ரா அப்போது வயிற்றில் இருந்தாள். பிளவுஸ் தயாராகவில்லை, ராகு காலம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். லீலா யாரோ ஒருத்தியின் பிளவுஸை இரவல் வாங்கி, இரண்டு பக்கமும் பிரித்து ஊக்குக் குத்திக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். கல்யாண ஆல்பத்தை எடுப்பாளே தவிர வளைகாப்பு ஆல்பத்தை அவள் யாருக்கும் காட்டியதில்லை.

அதுவும் என் தப்புதான் என்றாள் அக்கா. லீலா பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மரியம்மாள் மட்டும் நகரவில்லை. நான் ஆத்திரத்தோடு மெஷினில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தேன். இரண்டாவது தையலிலேயே ஊசி படக்கென்று உடைந்தது. மரியம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். திங்கள்கிழமை உடைந்தால் அது ஊசி, வெள்ளிக்கிழமை உடைந்தால் ராகுவா என்று கேட்டுவிட்டு அக்கா வேறு ஊசி மாட்டினாள். மரியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் அவள் வீட்டுக்காரரும் வருவதாக ஒப்புக்கொண்டாள். பிளவுஸ் அச்சு வார்த்த மாதிரி உட்கார்ந்தது. ஆனால் மனுவில் வழிமொழிபவர் என்ற இடத்தில் லீலாவின் கையெழுத்து இருந்தது, அன்றிலிருந்து அவள் போனை எடுக்கவே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மனுத் தாக்கல் ஒரு பள்ளிக்கூடத்தில். வேறு ஆள் கிடைக்காததால் நான்தான் தேர்தல் முகவர், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உள்ளே நின்றேன். பதினொன்றுக்கு ஐந்து பேர் இருந்தார்கள். பதினொன்றரைக்கும் ஐந்து பேர்தான். எதிரணிக்காரர் தன் ஆறு பேரோடு முதல் ஐந்து நிமிஷத்திலேயே முடித்துவிட்டு, அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். நல்ல மனிதர், நாற்பத்திரண்டு சைஸ் கோட். பன்னிரண்டு அடித்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். அக்கா மயில்கழுத்து பிளவுஸில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், கை மட்டும் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தது. யூசுப் பாய் உதடு அசைய ஏதோ ஓதினார். நான் எல்லா சாமியையும் கும்பிட்டு முடித்து, வேறு வழியில்லாமல் ராகுவிடமே வேண்டிக்கொண்டேன்.

பதினொன்று நாற்பத்தேழுக்கு வாசலில் ஒரு உருவம் தெரிந்தது. முகமெல்லாம் வேர்வை, ஒரு கையில் செருப்பு. லீலாதான்.

"அறுபத்து நாலு படி. முட்டி செத்துப் போச்சு," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. அக்கா எழுந்தாள். லீலா அவளைக் கையால் தடுத்தாள். "உங்க மேல கோவம் போகல விசாக்கா. அதை அப்புறம் வெச்சுக்கறேன். ஆனா ஓட்டு கேட்டு என் வாசலுக்கு வந்தவங்கள்ல, தப்பு என்னுதுதான்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான். எங்க நிக்கணும், சொல்லுங்க."

மனுவை ஏற்றுக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஒன்பது நாள் நான் மனுஷியாகவே இல்லை. மேல் மாடிக்கு லிஃப்டில் போய், ஒவ்வொரு மாடியாக இறங்கினோம். எங்களுக்குக் கூட்டமும் இல்லை, மேளமும் இல்லை. லீலா மட்டும் முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு முன்னால் போனாள். கதவு திறந்ததும் அக்காவைக் காட்டி, இவங்க இருபத்தஞ்சு வருஷம் என்கிட்ட பொய் சொன்னவங்க என்றுதான் ஆரம்பிப்பாள். அப்படி ஆரம்பித்தால் யார்தான் கதவைச் சாத்துவார்கள்? முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் விட்டார்கள். தமிழ் தெரியாதவர்களுக்கு கோ ஆன்ட்டி ஹொக்கியன் சீனத்தில் சொன்னார். பாய் மலாயில் சொன்னார், அதில் ராகு ஒரு பாம்பாகவே வந்தது.

எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், பஸ் எப்போது வரும் என்று. ஒரு கிழவர் விடாப்பிடியாகத் தேதி கேட்டார்.

"தேதி சொல்ல மாட்டேன் தாத்தா," என்றாள் அக்கா. "தேதி சொல்லி நான் வாங்கின கெட்ட பேரு போதும்லா. பஸ் வர்ற வரைக்கும் விடாம கேப்பேன், அது மட்டும் நிச்சயம்."

வாக்கு எண்ணினார்கள். நெருக்கமாக இருக்கிறது என்று மறுபடியும் எண்ணினார்கள். முந்நூற்றுப் பதினேழு ஓட்டு வித்தியாசத்தில் விசாலாட்சி அக்கா ஜெயித்துவிட்டாள். பிளவுஸ் தைக்கிற விசாலாட்சி! எதிரணிக்காரர் வந்து கை கொடுத்தார். நான் அழுதேன், வாய்விட்டு, மூக்கு ஒழுக அழுதேன், எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. யூசுப் பாய் காற்றில் ஸ்டியரிங் பிடித்து மேட்டைச் சுற்றி ஒரு வளைவு வளைத்தார். அக்கா என் தோளில் சாய்ந்து, ஜெயிச்சிட்டோம்டி அமலா, ஜெயிச்சிட்டோம் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம். வாழ்த்த வந்தவர்கள் பாதி, தராத பிளவுஸைக் கேட்டு வந்தவர்கள் பாதி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு லீலா வந்தாள், பின்னாலேயே பவித்ரா. அரக்குப் பட்டை மேசையில் வைத்தாள். பவித்ராவுக்குக் கல்யாணம். அடுத்த வெள்ளிக்கிழமை பிளவுஸ் வேண்டும்.

"இப்பவே வெட்டுங்க," என்றாள் லீலா.

எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தோம். பதினொன்று பத்து.

அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள். எடுத்து, என் கையில் வைத்தாள். இந்தக் கடையில் நான் ஒரு நாளும் துணி வெட்டியதில்லை. எனக்கு நாடாளுமன்றத்தில் வேலை இருக்கிறது, இனிமேல் நீதான் வெட்ட வேண்டும் என்றாள். லீலாவைப் பார்த்தேன், இருபத்தைந்து வருஷம் ஒரு ஆல்பத்தை ஒளித்து வைத்திருந்தவள், மகளின் முகூர்த்தப் பட்டை என் முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெட்டினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த பிளவுஸை லீலாவின் கையில் கொடுத்தேன். ரசீதில் இருந்த தேதியை அவள் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னால். எங்கள் கடை வரலாற்றில் அதுதான் முதல் தடவை.